இரண்டு நூல் சரிவு

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தறியோசையின் நடுவே பிறந்து, விடியற்காலையில் கோழி கூவுவதற்கு முன்னால் தறிக்குழியில் விளக்கு எரிவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அப்படிப்பட்டவனுக்குத் துப்பாக்கி என்னும் வஸ்துவோடு பரிச்சயம் ஏற்படக் காரணம் எதுவும் இருந்திருக்க நியாயமில்லை. பள்ளி இறுதி வகுப்புத் தேறியபின், கோர்வை போடும் வேலைக்கு என் கை ஒத்துவராது என்று அப்பாவே தீர்மானித்து, தெரிந்த ஒரு வக்கீலிடம் என்னைக் குமாஸ்தாவாகச் சேர்த்துவிட்டார். அந்த உத்தியோகத்தின் இரண்டாம் வருஷத்தில், அதாவது 1963ஆம் ஆண்டு ஐப்பசி மழைக்காலத்தில், சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து வந்த ஒரு வயோதிகக் கட்சிக்காரரின் பொருட்டு, ஒரு பழைய ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியின் குழலை நான் அளக்க வேண்டியதாயிற்று.

பெரியவருடைய தகப்பனார் சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதியவர். ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்காரர் தம்முடைய துப்பாக்கியை அவருக்கு விற்றுவிட்டுப் போனார். விற்றாரா, சம்பள பாக்கிக்கு ஈடாகத் தள்ளிவிட்டாரா என்பதைப் பற்றி அந்தக் குடும்பத்திலேயே இரண்டு அபிப்பிராயங்கள் இருந்தன. எப்படியிருந்தாலும் லைசென்ஸ் இருந்தது. வருஷந்தோறும் அது புதுப்பிக்கப்பட்டும் வந்தது. ஆனால் 1878ஆம் ஆண்டின் பழைய ஆயுதச் சட்டம் போய், 1959ஆம் ஆண்டின் புதிய சட்டம் 1962 அக்டோபர் 1ஆம் தேதி முதல் அமலுக்கு வந்தபோது, எல்லாருடைய லைசென்ஸையும் ஆயுதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஓர் உற்சாகம் ஓர் அலுவலகத்தில் பிறந்திருக்கிறது. அப்படிப் பார்த்ததில் லைசென்ஸில் துப்பாக்கியின் எண் '3' என்று எழுதியிருப்பதும், துப்பாக்கியில் வேறொரு ஐந்து இலக்க எண் இருப்பதும் தெரிய வந்து, மூன்றாம் எண்ணுள்ள ஆயுதம் எங்கே, ஐந்து இலக்க எண்ணுள்ள ஆயுதத்துக்கு அனுமதி எங்கே என்று ஒரே கடிதத்தில் இரண்டு கேள்விகள் வந்து சேர்ந்தன. ஒரே ஒரு துப்பாக்கியை வைத்திருந்த மனிதர், காகிதத்தில் ஒன்றைத் தொலைத்தவராகவும் மற்றொன்றை ஒளித்தவராகவும் ஆகிவிட்டார்.

வக்கீல் என்னை அனுப்பி வைத்தார். நான் போனபோது பெரியவர் அதை ஒரு பழைய ஒன்பது கெஜப் புடவையில் சுற்றி, தொட்டிலிலிருந்து குழந்தையை எடுப்பதுபோல் எடுத்து வந்து ஊஞ்சல் பலகையின்மேல் வைத்தார். சினிமாவில் பார்த்த துப்பாக்கிகளைப்போல அது இல்லை. குழல் உருண்டையாக இல்லாமல் எட்டுப் பட்டையாக இருந்தது. கீழேயிருந்த இரும்பு நெம்பை முன்னால் தள்ளினால், குழலின் பின்வாயை அடைத்திருந்த கனத்த இரும்புக் கட்டி நேர்கீழாகச் சரிந்து இறங்கிற்று. அந்த இடைவெளியில் ஒரு தோட்டாவை விரலால் வைத்து நெம்பை மூடினால் கட்டி மேலேறி அடைத்துக்கொள்ளும். சுட்டபின் மறுபடி திறந்து, மறுபடி ஒரு தோட்டா வைக்க வேண்டும். இவ்வளவுதான் அதன் இயந்திர சாஸ்திரம். குழலின் அடிப்பக்கத்தில், கையால் தாங்கிப் பிடிக்கும் முன்கட்டை முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால், நெல்மணி அளவில் '3' என்ற இலக்கம் குத்தப்பட்டிருந்தது. ஐந்து இலக்க எண்ணோ நெம்புக்குப் பின்னால், குந்தாவின் கழுத்தடியில் பதிந்திருந்த இரும்பு நாக்கில், அறுபது வருஷத்து எண்ணெய்ப் பிசுக்குக்குள் மறைந்து கிடந்தது. முதல் லைசென்ஸ் எழுதிய புண்ணியவான் கண்ணில் பட்ட இலக்கத்தை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்; அவருக்குப் பின் வந்தவர்கள் அவர் எழுதியதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

எது துப்பாக்கியின் எண் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அந்த '3' என்ன என்பது புரியவில்லை. அதைச் சொல்லாமல் பதில் எழுதினால் அலுவலகம் ஒப்புக்கொள்ளாது.

அந்த வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மிஸ்திரி இருந்தார். இளம் வயதில் சென்னை மவுண்ட் ரோட்டுத் துப்பாக்கிக் கடை ஒன்றில் கையாளாக இருந்து, பிறகு போலீஸ் ஆயுதக் கிடங்கில் ரிப்பேர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மவுண்ட் ரோட்டில் அக்காலத்தில் பி. ஆர் அண்ட் சன்ஸ் கம்பெனியார்கூடக் கடிகாரம், வெள்ளிச் சாமான்களோடு துப்பாக்கியும் விற்றார்கள் என்பது இன்று பலருக்கு ஞாபகம் இராது. மிஸ்திரியின் இடது கை ஆள்காட்டி விரலில் பாதி இல்லை. அது எப்படிப் போயிற்று என்று கேட்கும் தைரியம் எனக்குக் கடைசிவரை வரவில்லை. நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, அது துப்பாக்கியோட நம்பர் இல்லே. பேரலோட தடிமன் நம்பர். மூணாம் நம்பர் பேரல்."

பிறகு ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, அட்டையில்லாத ஒரு கம்பெனி கேட்டலாகை எடுத்தார். அன்றும் அதற்குப் பின் பல மாலைகளிலும் அவர் எனக்குச் சொன்னதை, நான் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் துப்பாக்கியின் மூல யோசனை, அமெரிக்காவில் யூட்டா பிரதேசத்து ஆக்டன் என்னும் சிற்றூரில் தகப்பனாரின் துப்பாக்கிப் பட்டறையில் வளர்ந்த ஜான் மோசஸ் பிரௌனிங் என்பவருடையது. 1879ஆம் ஆண்டில் அவர் பெயரில் காப்புரிமை பதிவாயிற்று. சகோதரர்களோடு சேர்ந்து அவர் கையால் செய்து விற்றுக்கொண்டிருந்த அந்தத் துப்பாக்கியின் செய்தி வின்செஸ்டர் கம்பெனிக்கு எட்டி, 1883இல் அக்கம்பெனியின் அதிகாரி ஒருவர் நேரில் வந்து எட்டாயிரம் டாலருக்கு உரிமையை வாங்கிக்கொண்டு போனார். 1885 முதல் ஏறத்தாழ 1920 வரையில் கம்பெனி அதைச் செய்து விற்றது. மொத்தம் ஏறக்குறைய 1,40,000 வெளிவந்தன. தோட்டாக்களை வரிசையாக வயிற்றில் அடக்கிப் படபடவென்று சுடும் துப்பாக்கிகளுக்குப் பெயர்போன கம்பெனி, ஒன்று ஒன்றாக வைத்துச் சுடும் துப்பாக்கிக்கு எட்டாயிரம் டாலர் ஏன் கொடுத்தது என்றால், நீண்ட, பலமான தோட்டாவைத் தாங்கும் இயந்திரம் அவர்களிடம் அன்றைக்குப் போதுமானதாக இல்லை என்பதுதான் காரணம்.

அந்த ஒரே இயந்திரத்தில் சுண்டெலி போன்ற சின்னத் தோட்டா முதல் காட்டெருமைக்கான தோட்டா வரையில் எத்தனையோ ரகங்களுக்குக் குழல் பொருத்திக் கொடுத்தார்கள். இலக்குப் பலகையைச் சுடுகிறவனுக்குத் தோளில் வைத்தால் ஆடாத கனம் வேண்டும். மலையேறி வேட்டையாடுகிறவனுக்கு அந்தக் கனமே சத்துரு. ஆகவே குழலின் வெளிவடிவத்துக்கு, அதாவது பின்முனையில் எவ்வளவு தடிமன், முன்முனையில் எவ்வளவு தடிமன், இடையில் எப்படிச் சரிந்து மெலிகிறது என்பதற்கு, ஒன்று முதல் ஐந்து வரையில் எண் கொடுத்தார்கள். ஒன்று மிக மெல்லியது, ஐந்து மிகத் தடித்தது. பிற்காலத்தில் மூன்றரை என்றுகூட ஒன்று வந்தது. வாங்குகிறவர் கடிதம் எழுதும்போது தோட்டாவின் பெயர், குழலின் நீளம், எட்டுப் பட்டையா, உருண்டையா, பாதி பட்டையும் பாதி உருண்டையுமா என்பதோடு எண்ணையும் எழுதினால் போதும். தொழிற்சாலையில் அந்தக் குழலைக் கடைந்து, எண்ணை அடிப்பக்கத்தில் குத்தி அனுப்பிவிடுவார்கள். வேறு சில அமெரிக்கக் கம்பெனிகளும் இப்படி எண்ணிட்டதுண்டு. ஆனால் ஒருவருடைய மூன்று மற்றவருடைய மூன்றுக்குச் சமம் என்று நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்துக்காரர்களிடம் இந்த வழக்கம் இருந்ததாக மிஸ்திரி பார்த்ததில்லை. அவர்கள் குழலை அரத்தால் இழைத்து இழைத்து, தோளுக்கும் கைக்கும் சரியாக வருகிறவரையில் மெலித்துக்கொண்டே போவார்களாம். "அவங்க தையக்காரங்க, இவங்க ரெடிமேட்" என்றார்.

அந்தக் கேட்டலாகின் பக்கத்தைப் பிரதி எடுத்து, வக்கீலின் விளக்கத்தோடு அனுப்பியதில், மூன்று மாதத்துக்குப் பிறகு லைசென்ஸ் திருத்தி வந்தது. அந்தக் கதை அதோடு முடிந்தது. எனக்கு மட்டும் முடியவில்லை.

பிள்ளையார்பாளையத்திலிருந்து சின்னக் காஞ்சிபுரம் நடந்து போக வேண்டும். வரதராஜர் கோயில் வாசலைக் கடக்கும்போதெல்லாம் உள்ளே புகுந்து, நூற்றுக்கால் மண்டபத்தில் சற்று உட்கார்ந்து போவது என் வழக்கமாயிற்று. நூற்றுக்கால் என்று பெயரே தவிர, தூண்கள் தொண்ணூற்றாறுதான். குதிரை வீரர்களும் யாளிகளுமாக நெருங்கி நிற்கும் அந்தத் தூண்களில் சில வீரர்கள் கையில் வாளுக்குப் பதிலாகத் துப்பாக்கி இருப்பதைச் சிறு வயது முதல் பார்த்திருந்தும், அதன் குழலைப் பார்த்தவனில்லை. மிஸ்திரியின் சகவாசத்துக்குப் பிறகுதான் பார்த்தேன். சிற்பி அதைக் கம்பு போல ஒரே தடிமனாகச் செதுக்கிவிட்டான். குதிரையின் சேணத்தில் வாரின் மடிப்பைக்கூட விடாதவன், கையில் பிடித்துப் பழகாத பொருளை மட்டும் தூரத்தில் பார்த்தவனாகவே செய்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றிற்று.

இதை மிஸ்திரியிடம் சொன்னபோது அவர், குழல் ஏன் சரிய வேண்டும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மருந்து பற்றிக்கொள்வது பின்வாயில்; புகையின் முழு நெருக்கமும் முதல் சில அங்குலத்திலேயே. குண்டு முன்னால் ஓட ஓட, அதற்குப் பின்னால் இடம் பெருகப் பெருக, நெருக்கம் தளர்ந்துகொண்டே போகும். ஆகவே பின்பக்கம் கனமும் முன்பக்கம் மெலிவும் போதும். பீரங்கிக்கும் இதே நியாயந்தான். 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் தேதி, இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத புள்ளலூரில் கர்னல் பெய்லியின் சேனையை ஹைதரும் திப்புவும் அழித்த செய்தி கேட்டு, காஞ்சிபுரத்தில் தங்கியிருந்த கும்பினித் தளபதி ஹெக்டர் மன்றோ தம்முடைய பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுப் பக்கம் பின்வாங்கினாரே, அந்தப் பீரங்கிகளும் பின்னால் பருத்து முன்னால் சிறுத்தவையாகத்தான் இருந்திருக்கும். "ஆனா ஒண்ணு" என்று மிஸ்திரி விரலில்லாத கையைத் தூக்கினார். வெடிப்பைத் தாங்குவதற்கு ஒன்றாம் நம்பர் கனமே பல தோட்டாவுக்குப் போதும். அதற்கு மேற்பட்ட இரும்பெல்லாம் சுடுகிறவனுடைய கை நடுக்கத்துக்காகப் போட்டதாம். சரிவு வருவது வெடிமருந்தினால், எண் வருவது மனிதனால் என்று நான் அதை எனக்குள் எழுதிக்கொண்டேன்.

லைசென்ஸ் வந்த சந்தோஷத்தில் பெரியவர் அடுத்த விண்ணப்பத்தை வைத்தார். துப்பாக்கியின் முன்கட்டை நீளவாக்கில் பிளந்து, செப்புக் கம்பியால் கட்டி வைக்கப்பட்டிருந்தது. புதிதாக ஒன்று செய்ய வேண்டும். ஏற்கெனவே ஒரு தச்சர் செய்து கொடுத்தது பரணில் கிடந்தது. அது பின்பக்கம் கச்சிதமாக உட்கார்ந்தது. முன்பக்கமோ குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு காசு நுழையும்படி வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஓர் இடத்தில் அளந்து, அதே அளவுக்கு நெடுகப் பள்ளம் எடுத்திருக்கிறார். குழல் சரிகிறது என்பது, கண்ணுக்கு எதிரே இருந்தும், அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, எனக்கும் தெரியவில்லை. முப்பது அங்குல நீளத்தில் மெலிவு அவ்வளவு மெதுவாக நடக்கிறது.

இரவு சாப்பாட்டின்போது அப்பாவிடம் இந்த விநோதத்தைச் சொன்னேன். அவர் தறியைத் தவிர வேறு எந்த இயந்திரத்தையும் மரியாதையோடு பார்த்தவரல்லர். ஆனாலும் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டு யோசித்தார். நெய்த சேலை சுருள்கிற படமரம் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்திருந்தால் என்ன ஆகும்? தடித்த பக்கம் ஒரு சுற்றுக்கு அதிகத் துணியை இழுக்கும், மெலிந்த பக்கம் குறைவாக இழுக்கும். பத்துச் சுற்றில் ஒரு கரை விறைத்து மறு கரை தொங்கும். புதுப் படமரம் வந்தால் அப்பா அதைக் கண்ணால் பார்ப்பதில்லை. மூன்று நான்கு இடத்தில் நூலைச் சுற்றிப் பார்ப்பார். "கண்ணு ஏமாத்தும்டா. நூலைச் சுத்திப் பாரு" என்றார். நான் பட்டு நூல் கண்டை எடுத்தபோது அதட்டினார். பட்டு இழுத்தால் நீளும். ஒரு சுற்றுக்கு ஓர் இழுப்பாக இழுத்தால் எந்த அளவும் சொல்லாது. முறுக்கேறிய பருத்தி நூல்தான் அளவுக்கு ஏற்றது என்று, விழுது கட்ட வைத்திருந்த நூலில் ஒரு பாகத்தை அறுத்துக் கொடுத்தார்.

மறுநாள் பெரியவர் வீட்டுக் கூடத்தில், பின்முனை தொடங்கி மூன்று அங்குலத்துக்கு ஒன்றாகக் குழலில் சுண்ணாம்புக் குறி வைத்து, ஒவ்வொரு குறியிலும் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, சேருமிடத்தில் பிளேடால் அறுத்தேன். பதினொரு நூல்கள் வந்தன. முன்கட்டை இருக்கும் ஒன்பது அங்குலத்துக்கு நான்கு போதும். மற்ற ஏழும் என் ஆவலுக்காக. அவற்றை ஒரு வெள்ளைக் காகிதத்தில், தலைப்பை ஒரே கோட்டில் வைத்து, பக்கத்தில் பக்கத்தில் பசை தடவி ஒட்டினேன். ஒட்டி முடித்துக் காகிதத்தைத் தூக்கிப் பிடித்தபோது, கீழ் முனைகள் எல்லாம் சேர்ந்து ஒரு சாய்ந்த கோடாக நின்றன. குழலில் எத்தனை முறை பார்த்தும் தெரியாத சரிவு, அறுத்து வைத்த நூல்களில் ஒரு குழந்தைக்கும் தெரியும்படி தெரிந்தது. முதல் நூலுக்கும் கடைசி நூலுக்கும் முக்கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். நடுவில் எங்கும் வளையாமல் நேராகவே இறங்கிற்று. உருண்டைக் குழலாயிருந்தால் பின்முனையில் சட்டென்று சரிந்து பிறகு மெதுவாகப் போவதுண்டு என்று மிஸ்திரி பிறகு சொன்னார்.

இந்த வெற்றியில் நான் ஒரு பிழை செய்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கை நினைத்து, சுற்றளவை இருபத்திரண்டுக்கு ஏழு என்ற விகிதத்தால் வகுத்து, பின்முனையின் தடிமன் ஒன்பது நூலைத் தாண்டுகிறது என்று எழுதி எடுத்துக்கொண்டு போனேன். தச்சர் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல் என்பதை வாசகர் அறிவர். நூலால் அளந்து நூலில் எழுதியதில் எனக்குச் சிறிது கர்வமும் இருந்தது. மிஸ்திரி என் கணக்கைப் பார்த்துவிட்டுத் தம்முடைய காலிபரைக் குழலின்மேல் வைத்தார்: ஒன்பது நூலுக்குச் சற்றுக் குறைவு. முன்முனையில் ஏழு நூலுக்குச் சற்றுக் குறைவு. என்னுடையது இரண்டு முனையிலும் அதிகம்.

"இது வட்டமா, தம்பி?"

வட்டமல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டுப் பட்டையின் சுற்றளவை வட்டக் கணக்கில் வகுத்தால் தடிமன் கூடித்தான் வரும். மூலைக்கு மூலை காலிபரை வைத்தாலும் கூடித்தான் வரும்; பட்டைக்குப் பட்டை ஓர் அங்குலமுள்ள குழல், மூலைக்கு மூலை அங்குலத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கு அதிகம் காட்டும். கம்பெனிக்காரனின் எண் பட்டைக்குப் பட்டை வைத்த அளவைக் குறித்தது. பழைய குழலை அளந்து எண்ணைக் கண்டுபிடிக்க முயல்கிறவர்கள் வழுக்கி விழுகிற முதல் இடம் இதுதான் என்றார். ஆகவே நூலின் நீளத்தை எட்டாக மடித்து ஒரு பட்டையின் அகலத்தை எடுத்து, அந்த அகலத்தில் காகிதத்தில் எட்டுப் பட்டை வரைந்து, அதன் குறுக்களவைக் காலிபரால் அளந்தேன். அது சரியாக வந்தது. முப்பது அங்குலத்தில் இரண்டு நூல் சரிவு. பதினைந்து அங்குலத்துக்கு ஒரு நூல். இவ்வளவுதான் அந்த '3' என்ற நெல்மணிக்குள் அடங்கியிருந்தது.

இவ்வளவுதான் என்றேன், அது முழு உண்மையில்லை. நான் அந்த எண்ணைக் கொண்டு துப்பாக்கியின் எடையையும் சொல்லிவிடலாம் என்று உற்சாகப்பட்டபோது மிஸ்திரி மறுபடியும் தடுத்தார். எண் வெளிவடிவத்தை மட்டுந்தான் சொல்லும். உள்ளே துளை எவ்வளவு என்பதைச் சொல்லாது. பெரியவருடைய துப்பாக்கி முப்பத்தெட்டு-ஐம்பத்தைந்து என்ற தோட்டாவுக்கு ஆனது. துளை அங்குலத்தில் நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பங்கு, தோட்டாவில் அடைக்கும் கறுப்பு மருந்து ஐம்பத்தைந்து கிரெய்ன். இதே மூன்றாம் நம்பர் குழலில் இருபத்திரண்டு பங்குத் துளை போட்டால் உள்ளேயிருந்து வெட்டியெடுத்த இரும்பு குறைவு, ஆகவே குழல் கனம். நாற்பத்தைந்து பங்குத் துளை போட்டால் இரும்பு நிறையப் போய்விட்டது, ஆகவே குழல் லேசு. சின்னத் தோட்டாத் துப்பாக்கி பெரிய தோட்டாத் துப்பாக்கியைவிடக் கனக்கும் இந்த விபரீதத்தை நான் நம்பாமல் வீட்டில் வந்து சொன்னபோது, அப்பா ஆச்சரியப்படவே இல்லை. ஒரே அகலம், ஒரே நீளம், ஒரே கரை. ஒரு சேலை தோளில் போட்டால் இருப்பதே தெரியாது, இன்னொன்று நிச்சயதார்த்தத்துக்குள் பெண்ணின் தோளைச் சாய்த்துவிடும். இழைக்கு எத்தனை பட்டு முறுக்கினான், எத்தனை மார்க்கு ஜரிகை விட்டான் என்று கேட்காமல் அகலத்தைக் கேட்டு என்ன பிரயோஜனம் என்றார்.

துளையைப் பற்றிய பேச்சில் மிஸ்திரி ஒருநாள் சொன்ன செய்தி ஒன்றை இங்கே விட மனம் வரவில்லை. ராணுவத்தின் மார்ட்டினி-ஹென்றித் துப்பாக்கியின் துளை .450. எல்லைப்புறத்தில் அந்தத் துப்பாக்கிகள் பகைவர் கைக்குப் போய்விட்டன. அவற்றுக்கு வேட்டைக்காரரின் தோட்டாவும் உதவிவிடுமோ என்ற பயத்தில், 1907ஆம் ஆண்டை ஒட்டி .450 துளையுள்ள துப்பாக்கிகளை இந்தியாவுக்குள் கொண்டுவருவதற்கு அரசாங்கம் தடை விதித்தது. லண்டன் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. துளையை மயிரிழை மாற்றி .465 என்றும் .470 என்றும் புதிய தோட்டாக்களைச் செய்து அதே மகாராஜாக்களுக்கு விற்றுவிட்டார்கள். நம்மூர்க் கஜானா வாசலில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் கையில் இருந்த .410 மஸ்கட்டும் இதே பயத்தின் பேத்திதான்: .303 ராணுவத் துப்பாக்கியை இஷாபூர் தொழிற்சாலையில் ஒற்றைத் தோட்டாவாக்கி, முறுக்குப் பள்ளமில்லாத துளையோடு கொடுத்தது. வெளியே பார்த்தால் ராணுவத் துப்பாக்கி, உள்ளே வேறு. மிஸ்திரி அவற்றை நூற்றுக்கணக்கில் துடைத்தவர்.

முன்கட்டையை, நாடாவும் படமரமும் செய்கிற எங்கள் தெருத் தறித்தச்சரிடமே கொடுத்தோம். நான்கு இடத்துக்கு நான்கு அட்டை வெட்டிக் கொடுத்தேன்; அவர் நூக்கு மரத்தில், அட்டைக்கு அட்டை பள்ளத்தைக் குறுக்கிக்கொண்டே போய், கடைசியில் குழலில் விளக்குக் கரி தடவி, கரி ஒட்டின இடத்தை மட்டும் சீவிச் சீவி உட்கார வைத்தார். துப்பாக்கியைத் தொட மாட்டேன் என்று முதலில் பிடிவாதம் பிடித்தவர் அவர். வேலை முடிந்தபின் கட்டையைக் குழலில் பொருத்தி, சேருமிடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்து, நகம் எங்கும் தட்டாததைக் கண்டு, தம்மையறியாமல் அதைத் தோளில் வைத்துத் தெருக்கோடியில் மேய்ந்த ஆட்டைக் குறி பார்த்தார். ஆட்டுக்குச் சொந்தக்காரி போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

பெரியவர் அந்தத் துப்பாக்கியால் எதையும் சுட்டு நான் பார்த்ததில்லை. தோட்டாவே கிடைக்காத காலம் அது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு சுடுவதற்கும் ஒன்றுமில்லாமல் போயிற்று. அவர் காலமானபின் பிள்ளைகள் அதை ஒப்படைத்துவிட்டார்கள். எங்கே போயிற்றென்று நான் விசாரிக்கவில்லை. மிஸ்திரி அதற்கு முன்பே போய்விட்டார். கேட்டலாகை என்னிடம் கொடுக்கச் சொல்லியிருந்தாராம். நான் போவதற்குள் பழைய காகிதக்காரன் வந்துவிட்டுப் போயிருந்தான்.

நூல் ஒட்டிய காகிதம் மட்டும் தப்பிற்று. 1979இல், அத்திவரதர் வரதராஜர் கோயில் குளத்திலிருந்து எழுந்தருளி ஊரெல்லாம் ஜனவெள்ளமாயிருந்த சமயம், வந்த உறவினருக்கு இடம் பண்ணுவதற்காக அப்பாவின் அலமாரியை ஒழித்தபோது, அவருடைய ஜரிகைக் கணக்குப் புத்தகத்தின் நடுவில் அது இருந்தது. என் மேஜையில் விட்டதை அவர்தாம் எப்போதோ எடுத்து வைத்திருக்க வேண்டும். ஓரத்தில் அவர் கையெழுத்தில், பெரியவர் வீட்டுக் குழல் என்றும், பருத்தி நூல் என்றும், தேதியும் இருந்தன. நூல்கள் பழுப்பேறியிருந்தன. ஏழாவது நூல் உதிர்ந்து, பசை இருந்த இடத்தில் ஒரு கறை மட்டும் நின்றது. நான் அடிமட்டத்தை எடுத்து, ஆறாவதன் முனையிலிருந்து எட்டாவதன் முனைக்கு வைத்துப் பார்த்தேன். கறையின் நுனி அந்தக் கோட்டிலேயே இருந்தது.